கடலோர நகரின் பழைய வரைபடம்: மெட்ராஸ் மேப் வைத்திருப்பவர்களின் கேள்விகள்

வீட்டுப் பெட்டியில் கிடைத்தது, பழைய புத்தகக் கடையில் வாங்கியது, இணையத்தில் இறக்கியது என்று பலவகை மெட்ராஸ் வரைபடங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு மெட்ராஸ் மேப் இருந்தது. ஓரம் கிழிந்துபோனதால் ஆண்டு தெரியவில்லை. துறைமுகம் இருக்கிறது, அதன் வாய் கிழக்கே பார்க்கிறது. ஐகோர்ட் கோட்டைக்கு வடக்கே இருக்கிறது. தி.நகர் இருக்க வேண்டிய இடத்தில் ஏரி. எந்த ஆண்டு மேப் இது?
— வாசகர், பெரம்பூர்

பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஆண்டு இல்லாத நகர வரைபடத்துக்கு வயது சொல்ல, அதில் எது இருக்கிறது, எது இல்லை என்று இரண்டு பட்டியல் போட வேண்டும். இருப்பவற்றில் கடைசியாக வந்தது கீழ் எல்லை. இல்லாதவற்றில் முதலில் வந்தது மேல் எல்லை.

மெட்ராஸ் துறைமுக வேலை 1876-இல் தொடங்கியது. கரையிலிருந்து இரண்டு கல்சுவர்கள் கடலுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போய், முனையில் ஒன்றை ஒன்று நோக்கித் திரும்பும். நடுவில் விட்ட இடைவெளிதான் கிழக்கு வாசல். அந்த வாசலில் மணல் சேர்ந்துகொண்டே போனதால் பின்னர் அதை மூடி வடகிழக்கில் புதிய வாசல் வைத்தார்கள். அது 1911 வாக்கில் நடந்தது. ஆக, கிழக்கு வாசல் என்றாலே 1876-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட படம். ஐகோர்ட் இப்போதுள்ள சிவப்புக் கட்டடத்துக்கு வந்தது 1892-இல். அதற்கு முன் கடற்கரைச் சாலையில் இருந்தது. அந்தப் பழைய இடமும் கோட்டைக்கு வடக்கேதான். உங்கள் படத்தில் அது கடற்கரைச் சாலையில் இல்லாமல் கோட்டையை அடுத்து இப்போதுள்ள இடத்தில் இருந்தால் கீழ் எல்லை 1892-க்கு வந்துவிட்டது.

இனி சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தைப் பாருங்கள். மூர் மார்க்கெட் 1900-இல் திறக்கப்பட்டது. அது இல்லையென்றால் உங்கள் படம் 1892-க்கும் 1900-க்கும் இடையில். இருந்தால் எழும்பூருக்குப் போங்கள். அங்கே பெரிய ரயில் நிலையக் கட்டடம் 1908-இல் வந்தது. ரிப்பன் மாளிகை 1913. ஏரி இருப்பது உங்களுக்கு அதிகம் உதவாது. தி.நகர் மனைகள் 1920-களில்தான் போடப்பட்டன என்பதால், அதற்கு முந்தைய எல்லாப் படத்திலும் அந்த ஏரி இருக்கும்.

இன்னும் பழைய படம் வைத்திருப்பவர்களுக்கு வேறு சில குறிகள்: ராயபுரம் ரயில் நிலையம் 1856, சென்ட்ரல் 1873, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு 1877–78 பஞ்ச நிவாரண வேலை. கால்வாய் இருந்தும் இந்த இணைப்புத் துண்டு இல்லையென்றால் படம் பஞ்சத்துக்கு முந்தியது. சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் நெசவாளர்களுக்காக உருவான ஊர். அதற்கு முந்தைய படத்தில் கூவத்தின் அந்த வளைவுக்குள் சுங்குராமாவின் தோட்டம்தான் இருக்கும்.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறு வேறு. செப்புத் தகட்டைச் செதுக்க ஆகும் செலவு பெரிது என்பதால் அதையே வைத்துக்கொண்டு ரயில் பாதையை மட்டும் சேர்த்துப் புதுப் பதிப்பு போடுவார்கள். ரயில் பாதையின் கோடு மற்றக் கோடுகளைவிடக் கூர்மையாக, அழுத்தமாகத் தெரிந்தால் அது பின்னால் சேர்த்தது. இன்னொன்று, இன்னும் கட்டாததையும் கட்டிவிட்டதுபோல வரைவார்கள். 1881 நவம்பர் புயலில் துறைமுகச் சுவர்கள் சிதைந்தன, வேலை முடிய மேலும் பல ஆண்டுகள் ஆயிற்று. ஆனால் 1880-களின் படங்களில் துறைமுகம் முழு உருவத்தோடு இருக்கலாம். திட்டப்படத்தைப் பார்த்து வரைந்தது அது. எனவே வயதைத் துறைமுகம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், குறைந்தது மூன்று குறிகளை ஒத்துப் பாருங்கள்.

1820-களின் மெட்ராஸ் படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். மெரினா மணல் முழுவதும் பழைய படத்தில் கடலாக இருக்கிறது. ராயபுரத்துக்கு வடக்கே தலைகீழ்: பழைய படத்தில் நிலம், இப்போது கடல். பழைய சர்வேயர்கள் தப்பாக அளந்தார்களா?
— வாசகர், திருவொற்றியூர்

சர்வேயர்கள் சரியாகத்தான் அளந்தார்கள். அதற்குப் பிறகு கரை நகர்ந்துவிட்டது. நீங்கள் பார்த்ததுதான் மெட்ராஸ் வரைபடங்கள் சொல்லும் மிக முக்கியமான சேதி.

சோழமண்டலக் கரையில் அலை நேர்க்குத்தாக வந்து மோதுவதில்லை, சாய்வாக மோதுகிறது. ஒவ்வொரு அலையும் மணலை ஒரு சாய்வில் மேலே தள்ளி, நேராகக் கீழே இழுத்துப் போகிறது. அதனால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டின் பெரும்பகுதியில், தெற்கிலிருந்து அலை வரும் மாதங்களில், மணல் வடக்கே போகிறது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிகுதி. துறைமுகம் வரும்முன் இந்த ஓட்டத்துக்குத் தடை இல்லை. தெற்கிலிருந்து வந்த அளவு மணல் வடக்கே போனதால் கரை ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றது. கோட்டையின் கிழக்குச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது.

1876-க்குப் பின் ஒரு கிலோமீட்டர் நீளச் சுவர் குறுக்கே வந்தது. தெற்கிலிருந்து வந்த மணல் அதன் தென்புறம் தேங்கியது. அப்படிச் சேர்ந்த மணல்தான் கோட்டைக்கு முன்னாலும் சேப்பாக்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் கடலைக் கிழக்கே தள்ளியது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களின் நடுவில் கரையோர நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தபோது மணல் இவ்வளவு அகலம் இல்லை. வடபுறத்துக்கோ மணல் வரத்து நின்றது. அலை மட்டும் முன்போலவே மணலை வடக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தது. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகுமோ அதுதான் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளுக்கு ஆனது. கருங்கல் கொட்டிய கரைச்சுவரும் தூண்டில் வளைவுகளும் அங்கே வந்த காரணம் இதுவே. தூண்டில் வளைவும் ஒரு சின்னத் துறைமுகச் சுவர்தான். தன் தென்புறம் மணல் சேர்த்து, வடபுறம் அரிப்பைத் தள்ளிவிடும். வரிசையாக வளைவுகள் போட்ட இடத்தில் கடைசி வளைவுக்கு வடக்கே உள்ள குப்பம் அடி வாங்குவது அதனால்தான்.

இப்போது அளவைச் சரிபார்க்கலாம். 1 மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் வரைந்த படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 10.56 மீட்டர். கரைக்கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றாலே 5 மீட்டர் போய்விட்டது. அடுத்து, அந்தக் கோடு எந்த ஓதத்தின் (கடல் நீர் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) கோடு? வருவாய்த்துறைக்காக வரைந்தவை பெரும்பாலும் உயர் ஓதக் கோட்டைக் காட்டும். மாலுமிகளுக்கான கடற்படத்தில் தாழ் ஓதக் கோடும் வரும். சென்னையில் ஓத வித்தியாசம் பெரிய ஓதத்தின்போதும் சுமார் 1 மீட்டர்தான். ஆனால் கரை 30-க்கு 1 என்ற சரிவில் இருந்தால் அந்த 1 மீட்டர் உயரம் கிடைமட்டத்தில் 30 மீட்டர் ஆகிவிடும். காகிதச் சுருக்கம் இதைவிட மோசம். ஒரு பக்கமாக 1 சதவீதம் சுருங்கினால் 60 செ.மீ. தாளின் ஓரத்தில் 6 மி.மீ., அதாவது தரையில் 63 மீட்டர் பிசகு.

இவற்றையெல்லாம் கூட்டினாலும் மெரினாவின் வளர்ச்சியை அசைக்க முடியாது. அங்கே வித்தியாசம் நூற்றுக்கணக்கான மீட்டர். ராயபுரம் பக்கம் 20, 30 மீட்டர் வித்தியாசம் கண்டால் அதை அரிப்பு என்று எழுதிவிடாதீர்கள், அது படத்தின் பிசகாகவே இருக்கலாம். பழைய படத்தில் இருக்கும் தெருவோ சத்திரமோ கோயிலோ இன்று தண்ணீரில் இருந்தால்தான் அது ஐயமற்ற சாட்சி.

முகத்துவாரங்களில் இன்னும் கவனம் வேண்டும். கூவமும் அடையாறும் கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு மாதத்துக்கு மாதம் மாறும். கோடையில் வாய் அடைபடும், ஐப்பசி வெள்ளம் உடைத்துத் திறக்கும். ஒரு படத்தில் வாய் மூடியும் இன்னொன்றில் திறந்தும் இருந்தால் இடைப்பட்ட ஆண்டுகளில் பெரிய மாற்றம் நடந்ததாகச் சொல்ல முடியாது. அளந்த மாதம் வேறு, அவ்வளவே.

இணையத்தில் கிடைத்த 18ஆம் நூற்றாண்டுப் படத்தில் கோட்டையை ஒட்டி வடக்கே நெருக்கமான ஊர் ஒன்று இருக்கிறது. அடுத்த படத்தில் அதே இடம் வெட்டவெளி. ஊர் எங்கே போயிற்று?
— வாசகி, மண்ணடி

இடித்துவிட்டார்கள். படத்தில் நீங்கள் பார்த்தது பழைய கறுப்பர் நகரம், அதாவது ஆங்கிலேயர் 'பிளாக் டவுன்' என்று அழைத்த இந்தியர் குடியிருப்பு. இன்று ஐகோர்ட்டும் அதன் சுற்று வளாகமும் இருக்கும் நிலத்தில் அது இருந்தது. 1746-இல் பிரெஞ்சுப் படை மெட்ராஸைப் பிடித்தது. வீடுகள் கோட்டைச் சுவரை ஒட்டி இருந்தால் பீரங்கிக்குக் குறி பார்க்க வழியில்லை, எதிரி வீடுகளில் மறைந்து வருவான் என்று, கோட்டைக்கு அருகில் இருந்த பகுதியை அவர்கள் இடித்தார்கள். 1749-இல் நகரம் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் திரும்பியது. கம்பெனியும் அதே காரணத்துக்காக மிச்சத்தை இடித்தது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. இன்று பூக்கடை அருகில் நிற்பது பின்னர் கட்டிய கோயில்.

அந்த வெட்டவெளிக்குப் பெயர் எஸ்பிளனேட். இதற்கு மேல் யாரும் கட்டக்கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். 1773 ஜனவரி 1 என்று பொறித்த தூண் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. உங்கள் இரண்டாவது படத்தில் கோட்டையிலிருந்து அந்தத் தூண் வரை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். அந்த இரண்டு பேட்டைகளும் சேர்ந்ததுதான் புதிய கறுப்பர் நகரம், இன்றைய ஜார்ஜ் டவுன்.

நீங்கள் மண்ணடி என்பதால் ஒன்று. இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே பழைய படங்களில் வடக்குத் தெற்காக ஒரு பள்ளம், அதில் தண்ணீர் ஓடும் கோடு இருக்கும். அது அத்தப்பள்ளம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் போபம் என்பவர் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். அதுதான் பிராட்வே, இப்போது பிரகாசம் சாலை. பெருமழையில் அந்தச் சாலையில் தண்ணீர் தேங்கும்போது பழைய படத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே வால்டாக்ஸ் சாலை என்பது 1760-களில் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலின் கோடு. அந்த மதிலின் ஒரு துண்டு ராயபுரம் மாடிப் பூங்காவில் மிஞ்சியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 1746-இல் இருந்த நகரைக் காட்டும் படங்கள், அந்த ஊர் இடிபட்ட பிறகும் ஐரோப்பாவில் பல ஆண்டுகள் அச்சாகிக்கொண்டே இருந்தன. அச்சான ஆண்டைப் பார்த்து, அந்த ஆண்டில் பழைய ஊர் இருந்தது என்று எழுதிவிட வேண்டாம்.

படத்தில் கடல் கீழ்ப்பக்கம் இருக்கிறது. தலைகீழாக அச்சிட்டார்களா?
— பள்ளி மாணவர், தாம்பரம்

இல்லை. கப்பலில் வருபவர் கண்ணுக்கு நகரம் எப்படித் தெரியுமோ அப்படி, மேற்கை மேலே வைத்து வரைவதும் வழக்கம். அப்போது வடக்கு வலப்பக்கம் வரும். வடக்கு மேலேதான் என்பது பின்னால் நிலைத்த பழக்கம். முதலில் திசைகாட்டிப் பூவைத் தேடுங்கள். அதில் மலர்முனைக் குறி வடக்கு. படத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

பழைய படத்தைக் கணினியில் இன்றைய படத்தோடு பொருத்த முயன்றேன். ஒரு மூலை பொருந்தினால் மறு மூலை அரை கிலோமீட்டர் விலகுகிறது. எங்கே தவறு?
— பொறியியல் மாணவி, கிண்டி

பெரும்பாலும் தவறு நீங்கள் எடுத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளில், அதாவது இரண்டு படத்திலும் ஒரே இடம் என்று நீங்கள் குறித்த புள்ளிகளில் இருக்கும். முதலிலிருந்து சொல்கிறோம்.

படத்தைத் தட்டையாக வைத்து 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். 6 அங்குலப் படத்தில் ஒரு புள்ளி தரையில் சுமார் 0.67 மீட்டர் வரும், அது போதும். செல்போனில் எடுத்த படம் வேண்டாம். லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும், பிறகு எந்தக் கணக்கும் அதைச் சரி செய்யாது. துணி ஒட்டி மடித்த படம் என்றால் ஒவ்வொரு மடிப்புத் துண்டுக்கும் இடையே 2, 3 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த இடைவெளிகளை வெட்டித் துண்டுகளைச் சேர்த்த பிறகுதான் பொருத்த வேண்டும். அதை மறந்தால் எட்டுத் துண்டு வரிசையில் 2 செ.மீ. பிசகு சேர்ந்துவிடும். உங்கள் அரை கிலோமீட்டரில் பாதி இங்கிருந்தே வந்திருக்கலாம்.

கியூஜிஐஎஸ் மென்பொருளின் ஜியோரெஃபரன்சர் போதுமானது. தளமாக யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் ஆயமுறை) 44 வடக்கு மண்டலத்தை எடுங்கள், அலகு மீட்டரில் வரும்.

இனி புள்ளிகள். அன்றும் இன்றும் அசையாமல் அதே இடத்தில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். கோட்டைக்குள் 1680-இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயம், பாரிமுனைத் தூண், 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில், 1815-இன் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல், எழும்பூரில் 1821-இன் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஆகியவை நல்ல புள்ளிகள். கோயில் குளத்தின் மூலையும் நல்லது. கல்படி கட்டியது என்பதால் நகராது. கோட்டைச் சுவரின் முனைகளை 1783-க்குப் பிந்தைய படத்தில் எடுக்கலாம். அதற்குமுன் கோட்டையின் உருவமே வேறு. சாந்தோம் தேவாலயக் கோபுரம் 1896-இல் புதிதாகக் கட்டியது, பழைய படத்தில் கோபுரம் வேறு இடத்தில் இருக்கும்.

எடுக்கவே கூடாதவை: கரைக்கோடு, முகத்துவாரம், ஆற்று வளைவு, ஏரிக்கரை. கரை எவ்வளவு நகர்ந்தது என்று அறியத்தான் பொருத்துகிறோம். கரையையே புள்ளியாக வைத்தால் கரை நகரவில்லை என்ற விடைதான் வரும்.

பொருத்தும் கணக்கில், படத்தை நகர்த்தித் திருப்பி நீட்டும் முதல் நிலைப் பல்லுறுப்புக்கு 3 புள்ளியும், வளைக்கவும் செய்யும் இரண்டாம் நிலைக்கு 6 புள்ளியும் கணக்கு ஓடப் போதும். ஆனால் வெறும் குறைந்தபட்சத்தை வைத்தால் பிசகு சுழி என்று காட்டும், அது பொய்யான நிம்மதி. முதல் நிலைக்கு 10, 12 புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் எச்சத்தையும், அதாவது பொருத்திய பிறகும் அது விலகி நிற்கும் தூரத்தையும் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஐந்து மடங்கு பிசகினால் அந்த இடத்தைத் தப்பாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள், நீக்குங்கள். புள்ளிகளை ஜார்ஜ் டவுனிலேயே குவிக்காமல் தண்டையார்பேட்டை, புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் என்று நாலாபுறமும் பரப்புங்கள். ஒரு மூலை பொருந்தி மறு மூலை விலகுவது பெரும்பாலும் புள்ளிகள் ஒரே பக்கம் குவிவதால்தான். இரண்டு புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்திருந்து, கடைசியில் அவை எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால் அதுதான் உண்மையான பிசகு.

தின் பிளேட் ஸ்பிளைன் முறை எல்லாப் புள்ளியையும் சரியாகப் பொருத்திக் காட்டும். ஆனால் இடையில் உள்ள நிலத்தை ரப்பர்போல இழுத்துவிடும். கவர்னர் தாமஸ் பிட் ஆணையில் அளந்த 1710 வாக்கிலான படம் போன்ற, பாதி காட்சியும் பாதி அளவையுமான படங்களுக்கு அந்த முறையைத் தெருவை அடையாளம் காண மட்டும் பயன்படுத்துங்கள், தூரம் அளக்க வேண்டாம்.

தீர்க்கரேகையை அப்படியே எடுத்துத் தட்டச்சு செய்திருந்தால் இன்னொரு வினோதம் நேர்ந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் சர்வே ஆஃப் இந்தியா படங்கள் மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகைக்கு எடுத்துக்கொண்ட பழைய மதிப்பு சுமார் இரண்டரை நிமிடம் கூடுதல். நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். நகரமே கடலுக்குள் போய் நிற்கும். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் திருத்தக் குறிப்பு இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் கட்டடப் புள்ளிகளையே நம்புங்கள்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெரு பழைய மேப்பில் ஏரிக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது அதனால்தானா? ஏரியில் எவ்வளவு ஆழத்தில் இருந்தோம் என்று மேப்பில் கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகி, மேற்கு மாம்பலம்

அந்த ஏரிக்கு ஆங்கிலப் படங்களில் 'லாங் டேங்க்' என்று பெயர். மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே பிறைபோல நீண்டு கிடந்தது. 1920-களில் தென்பகுதியை வடித்துத் தி.நகர் மனைகள் போட்டார்கள். வடபகுதியின் ஒரு துண்டில் பின்னர் வள்ளுவர் கோட்டம் வந்தது. உங்கள் பகுதியின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடும் அந்த ஏரியின் பெயர் மிச்சங்கள். சேத்துப்பட்டு ஸ்பர் டேங்க் ரோடும் இப்படியே வேறொரு ஏரியின் பெயர்.

ஆழம் தெரியாது, ஆனால் சரிவு தெரியும். ஏரியின் ஒரு பக்கக் கோடு தடித்து, பக்கத்தில் சீப்புப் பல்போலச் சிறு கோடுகளோடு இருக்கும். அது கட்டிய கரை. எதிர்ப்பக்கக் கோடு மெல்லியதாகவோ புள்ளிக்கோடாகவோ இருக்கும். அது தண்ணீர் நிறையும்போது எட்டும் விளிம்பு. இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது என்பதால் கரை கிழக்கில் இருக்கும். கரையை ஒட்டிய இடம்தான் ஏரியின் ஆழமான பகுதி. புள்ளிக்கோட்டின் பக்கம் உங்கள் தெரு இருந்தால் ஆடிமாதத்தில் உழுத நிலமாகக்கூட இருந்திருக்கும். கரையில் சிறு இடைவெளியோ குறுக்குக் கோடோ இருந்தால் மதகு. அதிலிருந்து கிழக்கே கிளம்பும் மெல்லிய கோடு வாய்க்கால். கரையின் ஓர் ஓரத்தில் அகலமான வெட்டு இருந்தால் கலங்கல், அதாவது மிகை நீர் வழியும் இடம்.

தண்ணீர் நிற்பதற்கு ஏரி ஒரு காரணம்தான். தாழ்ந்த நிலத்துக்கு மேற்கிலிருந்து வரத்து இன்றும் இருக்கிறது, வெளியேற்றும் வழிகள் குறுகிவிட்டன. எனவே உங்கள் வீடு ஏரிக்குள் இருந்ததா என்பதைவிட, கலங்கலும் வாய்க்காலும் இன்று எந்தக் கட்டடத்துக்கு அடியில் இருக்கின்றன என்று தேடுவது பயனுள்ளது. வார்டு கூட்டத்தில் பேச அந்தக் கோடுதான் உதவும்.

நகரம் எப்போது எந்தப் பக்கம் வளர்ந்தது என்று ஒரே படத்தில் தெரியுமா?
— ஆசிரியர், செங்கல்பட்டு

ஒரே படத்தில் தெரியாது. குறைந்தது மூன்று காலத்துப் படங்கள் வேண்டும். ஆனால் மெட்ராஸ் மற்ற நகரங்களைப்போல நடுவிலிருந்து வட்டமாக விரியவில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கிராமங்களைக் கம்பெனி ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. திருவல்லிக்கேணி 1670-களில் வந்தது. 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. 1742-இல் வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையங்குப்பம். 1749-இல் மயிலாப்பூரும் சாந்தோமும். படத்தில் எல்லைக்கோடு பெரிதாக இருப்பதால் நகரம் அவ்வளவு தூரம் கட்டியிருந்தது என்று ஆகாது. எல்லைக்கோட்டை ஒரு வண்ணத்திலும், நெருக்கமான வீட்டு நிறத்தை மட்டும் இன்னொரு வண்ணத்திலும் மாணவர்களை வரையச் சொல்லுங்கள். நடுவில் வயலும் தோட்டமும் எவ்வளவு இருந்தன என்று அவர்களுக்கே தெரியும்.

படம் அசலா, மறு அச்சா என்று எப்படிப் பார்ப்பது?
— வாசகர், காரைக்குடி

10 மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கடற்பகுதியின் நிறத்தையோ ஓர் எழுத்தின் விளிம்பையோ பாருங்கள். ஒழுங்கான வரிசையில் நிறப்புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட் மறு அச்சு. செப்புத் தகட்டு அச்சில் கோடு தொடர்ச்சியாக, நுனி ஊசிபோல மெலிந்து முடியும். மை காகிதத்தின் மேல் சற்றே மேடாக நிற்கும், படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய செவ்வகத் தடம் விரலுக்குத் தட்டுப்படும். கல்லச்சில் தடம் இருக்காது, அதனால் மட்டும் போலி என்று ஒதுக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கல்லச்சுதான் பெருவழக்கு. கையால் பூசிய நிறம் கோட்டைத் தாண்டி இங்கங்கே வழிந்திருக்கும்.

அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான கைக்காகிதத்தில் சுமார் 25 மி.மீ. இடைவெளியில் இணைகோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான கோடுகளும் தெரியும். தேநீரில் நனைத்துப் பழசாக்கிய தாளில் கறை இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இயல்பாக வயதான தாள் ஓரங்களில் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் பழுப்பாகும்.

மெட்ராஸ் படங்களில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று: 1913-இல் எச். டி. லவ் எழுதிய மூன்று தொகுதி வரலாற்றில் 18ஆம் நூற்றாண்டுப் படங்கள் மடிப்புத் தாளாக மறு அச்சாகின. அந்தத் தாள்கள் நூலிலிருந்து பிரிந்து '1733 அசல்' என்று விலைக்கு வருகின்றன. அவையும் நூறாண்டு கடந்தவை, மதிப்புள்ளவை. ஆனால் 1733-இன் விலை கொடுக்க வேண்டியதில்லை.

படம் மடிப்பில் கிழிகிறது. லேமினேட் செய்துவிடலாமா? சென்னை வீட்டில் எப்படி வைத்திருப்பது?
— வாசகி, அடையாறு

லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது, எடுத்தால் மையோடு வரும். செல்லோ டேப்பும் வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பு வரியாக நின்றுவிடும்.

கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிழைத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான். ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கண்ணாடிபோலத் தெளியும்வரை காய்ச்சி, ஆறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தாளைக் கத்தரிக்காமல், ஈரக் கோடு இழுத்துக் கையால் கிழியுங்கள். இழை நீண்ட விளிம்பு தெரியாமல் படியும். 1 செ.மீ. அகலப் பட்டை போதும். பின்புறம் ஒட்டி, மேலும் கீழும் மை உறிஞ்சும் தாள் வைத்து, கண்ணாடியும் எடையும் ஏற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். பைண்டிங் கடையில் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்தச் செம்பு காகிதத்தை உள்ளிருந்தே தின்னும், அந்தப் பசை இந்தப் பக்கம் வரக்கூடாது. படத்தில் பச்சை நிறம் பூசிய இடம் பழுப்பாகி விரிந்திருந்தால் அங்கும் செம்புதான் காரணம். அதை நீங்கள் தொடாமல் ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சட்டம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நடுவில் அமிலமற்ற அட்டைச் சட்டம் வைத்து சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டி இருந்தால் ஐப்பசி ஈரத்தில் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், அறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் மாட்டுங்கள். மாட்டாத படத்தைச் சுருட்டாமல், அமிலமற்ற தாள்களுக்கு இடையில், தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்த அலமாரியில் தட்டையாக வையுங்கள். காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். மழைமாதங்களில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். இராமபாணப் பூச்சி பசை உள்ள இடத்தைத்தான் முதலில் அரிக்கும் என்பதால் துணி ஒட்டிய படங்களின் பின்புறத்தை முதலில் சோதியுங்கள்.

நிலத் தகராறில் பழைய நகரப் படத்தை ஆதாரமாகக் காட்டலாமா? வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்பலாமா?
— வாசகர், எண்ணூர்

அரசு ஆணையில் வரைந்த வரைபடமும், பொதுவில் விற்பனைக்கு வந்த வரைபடமும் 1872 சாட்சியச் சட்டப்படியே ஏற்கத்தக்கவை, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆனால் நகரப் படம் ஓடை இருந்தது, பாதை இருந்தது என்பதைச் சொல்லும். உங்கள் வேலி எங்கே என்று சொல்லாது. அதற்குப் புலப்பட நகலும் நகர நில அளவைப் பதிவேடும் பட்டாவும் வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தப் பகுதியின் பழைய படம் இருந்தால், கையிலுள்ள தாளைக் காட்டுவதைவிட அங்கிருந்து சான்றிட்ட நகல் வாங்குவது வழக்குக்கு வலு. கடலோர நிலம் என்றால் பழைய படத்தின் கரைக்கோட்டை உயர் ஓதக் கோடாகக் காட்டி அனுமதி கேட்க முடியாது. அதற்கு அரசு அங்கீகரித்த கடலோர மேலாண்மைப் படம் ஒன்றே செல்லும்.

அனுப்புவது பற்றி: 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளையும், வரலாற்று மதிப்புள்ள ஆவணமானால் 75 ஆண்டு கடந்ததையும் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. அவ்வளவு பழசில்லை என்று நினைத்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் படத்தைக் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகு அனுப்புங்கள். மகனுக்குப் படத்தில் உள்ள சேதிதான் வேண்டுமென்றால் 400 டிபிஐ ஸ்கேன் போதும். அதை அனுப்ப எந்தச் சான்றும் தேவையில்லை.